குவான்யினுக்கு ஒரு விரல்

எனக்கு வேலை பல் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவதை வைத்து லேபில் கிரவுன் செய்து கொடுக்கும் டெக்னீஷியன். பீங்கான் பொடியை நீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கி, ஃபர்னஸில் வைத்துச் சுட்டு, உரசி, மறுபடி சுட்டு அனுப்புவேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் அதை வைத்து முறுக்கு கடிப்பார்.

இந்தத் தொழிலில் பாதிக் கவலை வெள்ளையைப் பற்றியது. வீட்டா ஷேட் கைடு என்று ஒன்று உண்டு. வரிசையாகக் கோத்த 16 மாதிரிப் பற்கள். ஏ வரிசையில் செம்பழுப்பு கலந்த வெள்ளை, பி வரிசையில் மஞ்சள் கூடினது, சி வரிசை சாம்பல், டி வரிசை சாம்பலில் லேசாகச் சிவப்பு. "வெள்ளையா இருந்தா போதும்" என்பார் நோயாளி. எந்த வெள்ளை என்று டாக்டர் குறித்து அனுப்பாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். இப்படிப் பழகிய கண்ணோடு சீனத்து வெண்பீங்கான் சிலைகளைப் பார்க்கப் போனதால், நிறத்தை வைத்தே அவற்றின் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் எனக்கு நம்பிக்கை வரவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிங்கப்பூரில் எங்கள் மாடியில் நாலு வீடு தள்ளி ஒரு ஹொக்கியன் சீன ஆன்ட்டி இருக்கிறார். வாசலைத் திறந்ததும் நேரே சாமி மேடை. அதில் ஒரு ஜாண் உயரத்துக்கு வெள்ளைக் குவான்யின், சீனர்களின் கருணைத் தெய்வம். பாறைமேல் உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்திருக்கிறாள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கும்பிடுகிற உருவம் அது. ஆன்ட்டியின் பாட்டி ஃபூஜியனிலிருந்து கப்பலேறியபோது துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். போன சீனப் புத்தாண்டுக்கு முன்னால் மேடையைத் துடைக்கும்போது சிலையின் வலதுகை ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. துண்டு அகப்படவில்லை. லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ பல்லு செய்றவன்தானே? இவங்களுக்கு ஒரு விரல் செஞ்சு கொடேன்."

முடியாது என்று சொல்லக் காரணம் எதுவும் தோன்றவில்லை. பல்லும் பீங்கான், விரலும் பீங்கான். துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் வேலையாக ஷேட் கைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

இந்தச் சிலைகள் எல்லாம் ஓர் ஊரின் சரக்கு. ஃபூஜியன் மாநிலத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மலைக்கு நடுவே இருக்கிற தேஹுவா. இன்று சுவான்ஜோ நகராட்சிக்குக் கீழே வருகிறது. அங்கே சோங் காலத்திலிருந்தே (10–13-ஆம் நூற்றாண்டு) சூளைகள் உண்டு. மலைச்சரிவில் பாம்பு படுத்த மாதிரி நீளமாகக் கட்டிய சூளைகள். கீழே தீ வைத்தால் சூடு தானாக மேலே ஏறும். 2021-இல் சுவான்ஜோவின் பழைய துறைமுகச் சின்னங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது தேஹுவா சூளைகளும் அதில் வந்தன. ஐரோப்பியர்கள் இந்தப் பீங்கானைப் 'பிளாங்க் த ஷீன்', அதாவது சீன வெள்ளை என்பார்கள். அந்தப் பெயர் பிரெஞ்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தது. செய்தவர்களுக்கு அது தெரியாது.

சிறப்பு மண்ணில் இருக்கிறது. தேஹுவா கல்லில் இரும்பு மிகமிகக் குறைவு, அரை சதவீதத்துக்கும் கீழே. பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் சூட்டில் கல்லை உருக்கிக் கண்ணாடியாக்கும். அதனால் சுட்டு முடித்த உடல் வெறும் மண்ணாக இருக்காது, பாதிக் கண்ணாடி. ஒளி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடாமல் கொஞ்சம் உள்ளே போய், அங்கே சிதறி, அப்புறம் வெளியே வரும். மேலே பூசிய மெருகும் உடலும் எங்கே சேர்கின்றன என்று பிரிக்க முடியாது. என் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. உண்மையான பல்லும் இப்படித்தான் ஒளியை விழுங்கித் துப்பும். நாங்கள் உபயோகிக்கிற பழைய வகைப் பொடியும் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார்தான். உள்ளே ஒளிபுகாத அடுக்கு, அதன்மேல் பாதி ஒளிபுகும் அடுக்கு, நுனியில் ஏறக்குறைய கண்ணாடி என்று மூன்று நான்கு பொடிகளை அடுக்கி ஏமாற்றுகிறோம். தேஹுவாக்காரர்களுக்கு ஒரே மண் அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

அடுத்தது தீ. சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் அந்தத் துளி இரும்பு மஞ்சள் பக்கம் சாயும்; தந்தம் மாதிரி, பால் ஏடு மாதிரி ஒரு வெள்ளை. காற்றை அடைத்துப் புகைய விட்டால் அதே இரும்பு நீலப் பக்கம் சாயும். சீனாவின் இன்னொரு பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னின் சரக்கில் நாம் பார்க்கிற குளிர்ந்த வெள்ளை அப்படி வந்தது.

இதை வைத்துத்தான் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். தந்த நிறமா, மிங் காலம். நீலம் தட்டுகிறதா, சிங் காலம், அதுவும் பிந்தினது. டார்ச்சை வைத்துப் பார்த்தால் உள்ளிருந்து ரோஜா நிறம் தெரிகிறதா, அப்படியானால் சந்தேகமே இல்லாமல் மிங். மிங் ஆட்சி முடிந்தது 1644-இல், சிங் ஆட்சி 1912-இல்; ஆக, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே விலையில் எவ்வளவு பெரிய பள்ளம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான் இதை நம்பவில்லை. பொதுப்போக்காகச் சரியாக இருக்கலாம். 17-ஆம் நூற்றாண்டுச் சிலைகள் பெரும்பாலும் வெதுவெதுப்பான வெள்ளை, 18-க்குப் பிறகு வந்தவை குளிர்ந்த வெள்ளை. இந்தத் துறையில் ஆழ்ந்தவர்களும் நிறத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதே என்றுதான் எச்சரிக்கிறார்கள். ஆனால் கடையில் நிற்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. என் மேசை மேலிருக்கும் ஃபர்னஸ் ஒரு அரிசி குக்கர் அளவுதான். கம்ப்யூட்டர் சொல்லும் சூடு, பம்ப் இழுக்கும் வெற்றிடம், எல்லாம் இருந்தும் ஒரே பொடியில் நேற்று செய்ததும் இன்று செய்ததும் அரை ஷேட் மாறிப்போகும். விறகு போட்டு எரித்த, பல பத்து அடி நீளமுள்ள ஒரு மலைச்சூளையில் தீவாய்க்குப் பக்கத்தில் இருந்த சிலையும் கடைசியில் இருந்த சிலையும் ஒரே வெள்ளையாக வந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ஒரே நாளில் ஒரே சூளையிலிருந்து அக்கா தங்கைகளாக இரண்டு நிறம் வந்திருக்கும்.

ஆன்ட்டியின் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் இருக்கும்போது நல்ல தந்த நிறம். முன்னூறு வருஷம் என்று யாரோ உறவினர் சொல்லியிருக்கிறாராம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, பஞ்சுக்குச்சியால் முதுகுப்பக்கம் ஒரு மூலையைத் துடைத்தேன். பஞ்சு டீ நிறத்துக்கு வந்தது. அடியில் பளிச்சென்று நீலம் தட்டிய வெள்ளை. அத்தனை மஞ்சளும் ஊதுபத்திப் புகை. நாளுக்கு இரண்டு வேளை, மூன்று தலைமுறை. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, பக்திதான். ஆனால் இதே மஞ்சளை வரவழைக்கச் சிலர் டீத்தண்ணீரிலும் பெர்மாங்கனேட்டிலும் புதுச் சிலையை ஊறவைப்பது இந்த வியாபாரத்தில் பழைய கதை.

முழுவதும் துடைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அது அவங்க சாப்பிட்டது, தம்பி." சரி, விட்டுவிட்டேன்.

நிறத்தை விட்டால் வேறு எதைப் பார்ப்பது? கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சாமியைக் கவிழ்ப்பதற்கு ஆன்ட்டியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். இந்தச் சிலைகள் உள்ளே பொள்ளல். திடமாக இருந்தால் சூளையில் வெடிக்கும். முன்பாதிக்கு ஒரு அச்சு, பின்பாதிக்கு ஒரு அச்சு. ஈரமண்ணை அச்சுக்குள் கட்டைவிரலால் அழுத்தி, இரண்டையும் குழம்பால் ஒட்டி, வெளியே சேர்மானத்தைத் தேய்த்துவிடுவார்கள். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று தேய்க்காமல் விடுவார்கள். அதனால் பழைய சிலைக்குள் டார்ச் அடித்தால் விரல் அழுத்திய பள்ளங்கள், ஒழுங்கில்லாத தடிமன், சேர்த்த இடத்தில் ஒரு வரப்பு எல்லாம் தெரியும். இந்தக் காலத்துச் சிலையில் திரவக் களிமண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வடித்துவிடுகிறார்கள். உள்சுவர் வழவழவென்று ஒரே தடிமனில் இருக்கும். வெளியே எவ்வளவு மஞ்சள் பூசினாலும் உள்ளே பொய் சொல்வது கஷ்டம். ஆன்ட்டியின் சிலைக்குள் விரல் பள்ளங்கள் இருந்தன. சின்ன விரல்கள். பெண்ணுடையதாகவோ பையனுடையதாகவோ இருக்கலாம்.

எங்கள் லேபில் ஒரு புற ஊதா டார்ச் உண்டு. உண்மைப் பல் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். நடன விடுதிக்குப் போகிறவருக்குக் கிரவுன் மட்டும் கறுப்பாகத் தெரியக்கூடாதே என்று பொடியிலும் ஒளிரும் சரக்கைக் கலப்பார்கள். அந்த டார்ச்சைக் குவான்யின் மேல் அடித்தேன். பீங்கான் அமைதியாக இருந்தது. குழந்தையின் கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் பளபளத்தது. பழைய பசை. ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய தம்பி சின்ன வயதில் பந்து விளையாடி உடைத்தது, அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா ஒட்டி வைத்தது. அம்மா சாகிறவரை தெரியாதாம்.

இந்தச் சமயத்தில்தான் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு மறுபடி போனேன். ஃபிராங்க், பமேலா ஹிக்லி என்ற தம்பதி சேர்த்த தேஹுவா பீங்கான்கள் அங்கே இருக்கின்றன. முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் முகங்களைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து விரல் எண்ணுகிறவனைக் காவலர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

பழைய தேஹுவாச் சிலைகளில் அடிபடுவது எப்போதும் விரல்தான். பெரிய உருவங்களில் கையைத் தனியாகச் செய்து சட்டைக்கைக்குள் செருகுவதும் உண்டு; அப்படிப்பட்டதில் கையே போய், வெறும் துளை மிஞ்சும். தாடி வைத்த தெய்வங்களுக்கு முகத்தில் பொடிப்பொடியாகத் துளை விட்டிருப்பார்கள். அதில் நிஜ மயிரைச் செருகித் தாடியாக்குவது வழக்கம். இப்போது மயிர் கொட்டிப்போய்த் துளை மட்டும் இருக்கிறது, அம்மைத் தழும்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

விரல் உடையும் என்று செய்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கிறது. அதற்கு என்னிடம் உள்ள சாட்சி ஹே சாவ்சோங். மிங் கடைசிக் காலத்தில் தேஹுவாவில் வேலை செய்தவர், வெண்பீங்கான் சிற்பிகளில் முதல் பெயர். அவர் செய்த போதிதர்மர் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 43 சென்டிமீட்டர் உயரம். அலைகள்மேல் வெறுங்காலோடு நிற்கிறார். காற்று பக்கவாட்டில் அடித்து அங்கி முழுதும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. நெற்றியில் சுருக்கம், தாழ்ந்த பார்வை. படங்களில் எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் துணியின் ஓட்டம் சலிப்பதில்லை. கைகளைப் பாருங்கள்: தெரியாது. இரண்டும் அங்கிக் கைக்குள். உடைய ஒரு விரல்கூட வெளியே இல்லை! குளிர்காற்றில் கடல் கடக்கிறவர் கையை மூடிக்கொள்வது இயல்புதான். ஆனால் ஒரு கைவினைக்காரனாக நான் பார்க்கும்போது, சூளையில் வளைந்துபோகக்கூடிய, பயணத்தில் ஒடியக்கூடிய பத்து இடங்களை அந்த மனிதர் ஒரே மடிப்பில் தீர்த்துவிட்டார்.

நம்மூரில் போதிதர்மரை இப்போது எல்லாருக்கும் தெரியும், ஒரு சினிமா அந்த வேலையைச் செய்துவிட்டது. தெற்கு இந்தியாவிலிருந்து போனவர் என்பது சீனர்களின் பழைய மரபு; காஞ்சிபுரத்து இளவரசர் என்பது நாம் விரும்பிச் சொல்கிற வடிவம். அவருக்கு வண்ணம் பூசாமல், வெறும் வெள்ளையில் விட்டது எனக்குப் பிடிக்கும். கண்ணுக்குக் கறுப்பு மை இல்லை, உதட்டுக்குச் சிவப்பு இல்லை. கோபமா கவலையா என்று மடிப்புகளை வைத்து நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

ஹே சாவ்சோங் முதுகுப்பக்கம் முத்திரை குத்துவார். அவர் பெயர் பெரிதானதும் அடுத்த முன்னூறு வருஷம் யார் யாரோ அதே முத்திரையைக் குத்தினார்கள். திருட்டு என்று எடுத்துக்கொள்வதா மரியாதை என்று எடுத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். முத்திரை இருப்பதால் மட்டும் ஒரு சிலை அவருடையது ஆகிவிடாது. பழைய சிலையின் மேல் அச்செடுத்துப் புதுச் சிலை செய்வதும் உண்டு. அதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். சுட்ட சிலையிலிருந்து அச்செடுத்தால் நகல் மூலத்தைவிடச் சின்னதாக வரும், மடிப்பு கொஞ்சம் மழுங்கும். நகலின் நகல் இன்னும் சின்னது. நாங்கள் கிரவுன் பொடியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கட்டுவது இந்தச் சுருக்கத்துக்குப் பயந்துதான்.

ஜெர்மனிக்காரர்களும் இதை அனுபவித்தார்கள். சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் பைத்தியம். டிரெஸ்டனில் 1721-இல் தொடங்கிய அவருடைய கணக்குப் புத்தகத்தில் தேஹுவா வெள்ளை மட்டும் ஆயிரத்துக்கு மேல். தங்கம் செய்கிறேன் என்று சொல்லித் திரிந்த போட்கர் என்ற இளைஞனைப் பிடித்து அடைத்துவைத்து, கடைசியில் அவனிடமிருந்து கிடைத்தது பீங்கான் இரகசியம். 1710-இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. அரசருடைய தேஹுவாச் சிலைகளே அங்கே மாதிரியாகப் போயின. குவான்யினும், தொப்பை தெரியச் சிரிக்கும் புதாயும் மைசன் மண்ணில் மறுபிறவி எடுத்தார்கள். அந்தப் புதாய்தான் நம் வீட்டு ஷோகேஸில் 'சிரிக்கும் புத்தர்' என்று உட்கார்ந்திருப்பவர். அவர் புத்தர் இல்லை. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் ஜெஜியாங் பக்கம் கோணியைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு துறவி, இனி வரப்போகும் மைத்ரேயரின் அவதாரம் என்று நம்பப்பட்டவர். வாஸ்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் இதை என் மாமியாரிடம் சொல்லப் போவதில்லை.

ஐரோப்பாவுக்குப் பீங்கான் கைவந்த பிறகு, 1774 வாக்கில் பாரிஸ் பக்கத்தில் துஷாத்தோ என்ற மருந்துக்கடைக்காரர், தந்தத்தில் செய்த தன் பல்செட் நாற்றம் பிடித்துப்போனதால், பீங்கான் ஆலைக்காரர்களிடம் போய்ப் பீங்கானில் ஒரு செட் செய்து பார்த்தார். அங்கே அவருக்கு வந்த தலைவலியும் சுருக்கம்தான். அளவு சரியாக வரவே நாளாயிற்று. என் தொழில் அங்கிருந்து தொடங்குகிறது. ஆக, சீனப் பீங்கான் மேல் ஐரோப்பியர்களுக்கு வந்த பித்து இல்லையென்றால் எனக்குச் சம்பளம் இல்லை.

கடலில் போன குவான்யின்களுக்கு நடந்த கதை இன்னும் வேடிக்கை. 1700-ஐ ஒட்டிய காலத்து ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பல்களின் சரக்குப் பட்டியலில் குழந்தையோடு இருக்கும் குவான்யினை 'சாங்க்டா மரியா' என்று எழுதிக்கொண்டார்கள். முக்காடு, குனிந்த பார்வை, மடியில் பிள்ளை; கணக்குப்பிள்ளைக்கு அது போதும். ஜப்பானில் இதே பொருத்தம் உயிர் காக்கும் விஷயமானது. 1614-இல் அங்கே கிறிஸ்தவத்தை நாடு முழுக்கத் தடைசெய்தபோது, நாகசாகிப் பக்கத்து விசுவாசிகள் தேஹுவாக் குவான்யினை வைத்து மாதாவாக வணங்கினார்கள். சோதனை போட வருகிறவனுக்கு அது கானோன் (குவான்யினின் ஜப்பானியப் பெயர்), வீட்டாருக்கு மரியா. உராகாமி கிராமத்தில் 1856-இல் நடந்த கைதுகளில் அப்படிப்பட்ட சிலைகளை அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். அவை இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தடை விலகியது 1873-இல். தேஹுவாவில் அச்சில் மண்ணை அழுத்தியவருக்கு இதெல்லாம் கனவில்கூடத் தெரிந்திருக்காது. சிலை ஒன்று, கும்பிட்டவர்கள் வேறு வேறு.

நமக்கும் அவளிடம் ஒரு பங்கு உண்டு. குவான்யின் என்பது அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர். இந்தியாவில் ஆண், சீனாவில் சோங் காலம் வாக்கில் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறியவர். அவர் இருப்பிடம் தெற்கே கடலருகில் உள்ள பொதலகம் என்ற மலை என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் அதை மலய மலைக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார். அது நம் பொதிகைதான் என்று சில ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். சீனர்கள் அந்தப் பெயரைத் தங்கள் கடலிலிருந்த ஒரு தீவுக்கு வைத்துக்கொண்டு புதுவோ மலை என்கிறார்கள். வீரராசேந்திர சோழர் காலத்தில் புத்தமித்திரர் செய்த வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று சொல்கிறது. சிவனிடம் கேட்டார், முருகனிடம் கேட்டார் என்று படித்துவந்த எனக்கு இது முதலில் தூக்கிவாரிப்போட்டது. அதே மாதிரி, தேஹுவாச் சரக்கு கப்பலேறிய சுவான்ஜோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், குப்ளாய் கான் ஆட்சியில், அங்கே ஒரு சிவன் கோயிலுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல். அவர் வீட்டில் தேஹுவாக் கிண்ணம் ஒன்றாவது இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

சிங்கப்பூரில் இந்தக் கலப்பைப் பார்க்க நூல் வேண்டியதில்லை. வாட்டர்லூ தெருவில் குவான்யின் கோயிலுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணன் கோயில். அங்கே கும்பிட்டு முடித்த சீனர்கள் அப்படியே ஊதுபத்தியோடு கிருஷ்ணனிடமும் வந்து நிற்பார்கள். ஆன்ட்டியும் அப்படித்தான்.

சரி, விரலுக்கு வருவோம்.

சிலையை ஃபர்னஸில் வைத்துப் புது நுனியைச் சுட்டு ஒட்ட முடியுமா என்று என் லேப் நண்பர்கள் கேட்டார்கள். கூடவே கூடாது. ஒருமுறை சுட்டுப் பல காலம் ஆன பீங்கானுக்குள் எண்ணெய், ஈரம், புகை எல்லாம் ஊறியிருக்கும். சூடேற்றினால் விரிசல் விடும், கறுக்கும். நுனியை மட்டும் தனியாகப் பீங்கானில் செய்து ஒட்டலாம். அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒட்டுப்போட்ட பகுதி மூலத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். நாளைக்கு மறுபடி துடைக்கும் துணி மாட்டினால் என் நுனி போகட்டும், மிச்ச விரலைக் கூட இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அதனால் பல் அடைக்கும் கம்போசிட்டில் செய்தேன். நீல விளக்கைக் காட்டினால் இறுகும் பிசின் அது.

ஷேட் பொருந்தாத காரணம் அப்போதுதான் கையில் பிடிபட்டது. மேற்பரப்பு நிறத்தை ஒத்துப்பார்த்துச் செய்த நுனி, பக்கத்தில் வைத்தால் சுண்ணாம்புத் துண்டு மாதிரி செத்துக் கிடந்தது. நிறத்தை விட்டுவிட்டு, ஒளி எவ்வளவு ஆழம் போகிறது என்பதை ஒத்துப்பார்த்தேன். நடுவில் ஊசிமுனை அளவு ஒளிபுகாத பிசின், சுற்றிலும் பற்சிப்பிக்கு வைக்கும் பிசின், வெளியே முழுக்கத் தெளிவான ஒரு படலம். அடியில் துளி நீலம். அதுவரை தனியாகத் துருத்திக்கொண்டு நின்ற நுனி சட்டென்று கைக்குள் போய்விட்டது. நகத்தையும் செதுக்கினேன். மற்ற விரல்களில் நகம் ஒரு கீறல்தான், அதே கீறல் இதற்கும்.

ஒட்டுவதில் பழக்கத்தை அடக்க வேண்டியிருந்தது. பல்லில் என்றால் பீங்கானை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் தடவி, வாழ்நாளுக்கும் விடாதபடி ஒட்டுவோம். இங்கே அது அநியாயம். அருங்காட்சியகங்களில் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துவார்கள். மஞ்சளாகாது, அசிட்டோன் தடவினால் சுத்தமாகக் கழன்றுவிடும். நாளைக்கு என்னைவிடக் கெட்டிக்காரன் யாராவது வந்தால் என் விரலை எடுத்துப் போட்டுவிட்டு அவன் விரலை வைத்துக்கொள்ளலாம்.

ஆன்ட்டி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த விரல் என்று என்னையே கேட்டார், அதுதான் எனக்குச் சம்பளம். சிலைக்கு எத்தனை வயது என்றும் கேட்டார். உள்சுவரைப் பார்த்து, அச்சு மழுங்கியிருப்பதைப் பார்த்து, பாட்டி கப்பலேறிய காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் செய்தது, நூறு வருஷத்தைத் தாண்டும், முன்னூறு இல்லை என்று சொன்னேன். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அந்த உறவினருக்குத்தான். அவர் ஏற்கெனவே ஒரு விலை யோசித்து வைத்திருந்தாராம்.

இப்போது விஷயம் புளோக் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்து காது உடைந்த புதாய் ஒன்று வந்து என் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் காசு வாங்குவதில்லை, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொள்வேன். ஒரே ஒரு வேண்டுகோள்: உடைந்த துண்டு கிடைத்தால் பஞ்சில் சுற்றிக் கொண்டுவாருங்கள், நீங்களாகவே சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிட்டு வராதீர்கள். அதைப் பிரித்தெடுக்கவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது.